ஓடாத கார் கேட்ட மகன்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, பதினெட்டு மாத அனுபவம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றே என் மகன் பைக் கேட்டான். எங்கள் தெருவில் பைக்கில் போய்க் கையைக் காலை உடைத்துக்கொண்ட பிள்ளைகளின் பட்டியலை முழுதாக வாசித்தேன். மறுநாள் வந்து, “அப்ப ஒரு பழைய கார் வாங்கலாம்மா, நானே ரெடி பண்றேன்” என்றான். ஓடுமா என்று கேட்டேன். ஒரு வருடத்துக்கு ஓடாது என்றான். ஓடாத வண்டி என்றால் எனக்குச் சம்மதம்.

2024 மே மாதம் அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது அந்த வண்டி, ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஓடுகிறது, அவன் பிளஸ் டூ படிக்கிறான், என் விரல் நகத்தில் இன்னும் கிரீஸ் போகவில்லை. வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு பழைய காரை எடுத்துச் சரிசெய்யலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. குரோம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். (குரோம்பேட்டை என்றதும் பம்பருக்குக் குரோம் பூசும் ஊர் என்று நினைத்து ஒருவர் விசாரித்தார். ஊருக்குப் பேர் வந்தது குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலையால். பம்பருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.)

அவனுக்கு முதலில் கான்டெஸா என்ற நீளமான கார்தான் வேண்டும். படத்தில் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. இன்ச் டேப்பை எடுத்து எங்கள் காம்பவுண்டை அளந்து காட்டினேன்; வண்டியை உள்ளே விட்டால் கேட்டை மூட முடியாது. கான்டெஸா கதை அதோடு முடிந்தது.

அடுத்து அம்பாசடர் ஒன்று பார்த்தோம். உத்தர்பாராவில் ஐம்பதுகளின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரைக்கும் செய்த வண்டி. சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். நியாயமாக அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் மகன், “எல்லாத்தையும் மெக்கானிக்கே செஞ்சிடுவாரேம்மா, நமக்கு என்ன இருக்கு?” என்றான். பானட்டைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தபோது அவன் கால் இரண்டும் தரையில் இல்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வேளச்சேரியில் ஒரு பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் செய்த வண்டி, ஃபியட் 1100 என்று எங்கள் அப்பா காலத்தில் சொல்வார்கள். பெயின்ட் பளபளவென்று இருந்தது. என் கைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும், கடையில் கீழே சிந்தும் குண்டூசியைப் பொறுக்குவதற்கு. அதை ஒரு துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இன்னும் ஓரடி தள்ளி வைத்தேன், அங்கேயும் விழுந்தது. தகரம் போய், அந்த இடம் முழுக்க பட்டி, அதாவது ஓட்டையை மூடப் பூசும் பசை. பத்மினிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. அந்தத் தகரம்தான் வண்டியையே தாங்குகிறது. ஆர்சி புத்தகமும் “தேடித் தர்றேன்” என்ற நிலையில் இருந்தது. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

ஹெரால்டு கிடைத்தது மதுராந்தகம் பக்கம், மூடிப்போன ஒரு அரிசி மில் கொட்டகையில். 1969 வண்டி, பன்னிரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்குள். உள்ளே ஏறி உட்கார்ந்தால் தவிட்டு வாசம். பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றும்போது ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தவிடு கொட்டியது. இன்றைக்கும் டேஷ்போர்டைத் தட்டினால் ஒரு சிட்டிகை விழும். காந்தம் அதிலும் இரண்டு இடத்தில் ஒட்டவில்லை. ஆனாலும் எடுத்தோம், காரணம் சொல்கிறேன்.

ஹெரால்டுக்கு அடியில் தனி சேஸிஸ் இருக்கிறது. மேலே உள்ள உடம்பு, பிளவுஸ் மாதிரி, துண்டு துண்டாக வெட்டி போல்ட் போட்டுச் சேர்த்தது. கதவுக்குக் கீழே உள்ள பட்டை துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். மகன் ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் சேஸிஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனான். நல்ல இடத்தில் கணீரென்றது, பின் சக்கரத்துக்கு முன்னால், சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரண்டு கைகளில் மட்டும் மொத்தென்றது. அந்த இரண்டையும் சாக்பீஸால் வட்டம் போட்டான். மில்காரர் சொன்ன விலையில் முப்பதாயிரம் குறைந்தது அந்த இரண்டு வட்டத்தால்தான்.

இந்தக் கார் எங்கள் பக்கத்து ஊர்க்காரன் என்பதும் ஒரு காரணம். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது. வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பேரில் அறுபதுகளில் செய்தது பெருங்களத்தூர் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ். நாலு கதவு வைத்த மாடல் இங்கே மட்டும்தான் வந்தது, சீமையில் இரண்டே கதவு. எங்கள் வீட்டிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பஸ் ஏறினால் போய்விடும் இடத்தில் செய்த வண்டியை, மதுராந்தகத்திலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் ரெக்கவரி வேனுக்குக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தோம்.

இனி, இதில் பிள்ளைகளோடு வேலை செய்வது எப்படி இருக்கிறது என்பது. இந்த ஒரு விஷயத்தில் ஹெரால்டை மிஞ்ச ஆள் இல்லை என்றே சொல்வேன். பக்கத்துக்கு ஒரு கொக்கி. இரண்டையும் விடுவித்துத் தூக்கினால் பானட் மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். இன்ஜின், ஸ்டீயரிங், முன்சக்கரத்து ஸ்பிரிங், எல்லாம் திண்ணையில் பரப்பி வைத்தமாதிரி கிடக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். அந்த டயரில் அவனும் இந்த டயரில் நானும் உட்கார்ந்து, நடுவில் இன்ஜின்மேல் காபி டம்ளரை வைத்துக்கொண்டு வேலை செய்த ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய. சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறக்காத பிள்ளை, அங்கே உட்கார்ந்தால் பேசுவான். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரோடு வந்த தகராறு எனக்குத் தெரியவந்தது ரேடியேட்டர் ஹோஸ் கழற்றும்போதுதான்.

முதல் மாதமே ஒரு பாடம். அவனிடம் இருந்த ஸ்பேனர் செட் முழுக்க மில்லிமீட்டர் அளவு. வாட்டர் பம்ப் பக்கத்தில் ஒரு நட்டுக்கு 11 உள்ளே போகவில்லை, 12 போட்டால் ஆடியது. ஆடினால் என்ன என்று 12ஐயே போட்டு, ஸ்பேனர்மேல் காலை வைத்து அமுக்கினான். நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. உளி வைத்து வெட்டி எடுக்க இரண்டு நாள். பிறகு பக்கத்து நட்டின் மேல் என் டேப்பை வைத்துப் பார்த்தேன். மூன்றரை நூல்.

“நூலா?” என்றான்.

அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நூல். ஆசாரிக்கும் பிளம்பருக்கும் தையல்காரருக்கும் தெரியும். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குத் தெரியாது. மூன்றரை நூல் என்றால் 7/16 அங்குலம். மில்லிமீட்டரில் 11ஐக் காட்டிலும் ஒரு மயிரிழை பெரிது, 12க்கு ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கமாகக் குறைச்சல். இது சீமைக் கணக்கில் செய்த வண்டி, எல்லா நட்டும் அங்குலம். அன்றைக்குச் சாயங்காலமே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய் இன்ச் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கினோம். ஹெரால்டு வாங்குகிறவர்கள் வண்டிக்கு முன்னால் இதை வாங்கிவிடுங்கள். 7/16, 1/2, 9/16, இந்த மூன்றும் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். அன்றிலிருந்து அவன் என்னிடம் கேட்பது, “அம்மா, நாலு நூல் எடு.” என் தொழிலில் இருந்து ஒரு வார்த்தையை என் பிள்ளை எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பெருங்களத்தூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஸ்டாண்டர்டில் அப்ரன்டிசாகச் சேர்ந்து, கடைசியாக ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைச் செய்து நின்றுபோகும்வரை அங்கேயே இருந்தவர். என் கடைக்கு மகளின் பிளவுஸ் கொண்டுவரும்போது பேச்சுவாக்கில் தெரிந்தது. கையெழுத்துப் போடக் கை நடுங்கும், ஆனால் ஸ்பார்க் பிளக் இடைவெளியைத் தடவியே அது சரியாக இருக்கிறதா என்று சொல்வார். காசு வாங்கமாட்டார். நாலு பிளவுஸ் தைத்துக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொண்டேன்.

அவர் சொல்லிக் கொடுத்ததில் இரண்டு விஷயம், எந்த மெக்கானிக்கும் எங்களுக்குச் சொல்லாதவை. முன்சக்கரம் திரும்பும் இடத்தில், அடியில் பித்தளை நிறத்தில் ஒரு கட்டை இருக்கிறது, ட்ரன்னியன் என்பார்கள். அதில் ஒரு நிப்பிள் இருக்கும். நிப்பிளைப் பார்த்ததும் எல்லோரும் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள், மகனும் எடுத்தான். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். “அங்க கிரீஸ் கூடாதுப்பா. கியர் ஆயில், 90 நம்பர்.” கிரீஸ் அடித்தால் அது கெட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும், திருகாணிக்கு எண்ணெய் போகாது, உள்ளே துருப்பிடித்து ஒருநாள் ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டியில் கழற்றிப் பார்த்தால், யாரோ பல வருடமாகக் கிரீஸ் அடித்து மெழுகு மாதிரி இறுகியிருந்தது. வலது பக்கத் திருகாணியில் பாதி மறை தேய்ந்து போயிருந்தது. ஹெரால்டு வாங்கினால் முதல் வாரமே இதைப் பாருங்கள், பெயின்ட் எல்லாம் அப்புறம்.

இரண்டாவது, பின்சக்கரம். ஒருநாள் ஜாக்கி போட்டு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி வேலை முடித்து இறக்கினான். இறங்கிய பிறகும் வண்டியின் வால் மேலேயே நின்றது, பின்சக்கரம் இரண்டும் அடிப்பக்கம் உள்ளே மடங்கி, மேல்பக்கம் வெளியே விரிந்து, கால் முறிந்த கன்றுக்குட்டி மாதிரி நின்றன. அவன் முகம் வெளுத்துவிட்டது. எதையோ உடைத்துவிட்டேன் என்று சாப்பிடக்கூட வரவில்லை. பெரியவருக்குப் போன் போட்டேன். சிரிக்கிறார். “பத்தடி முன்னால தள்ளும்மா, தானா உக்காந்துக்கும்.” தள்ளினோம். உட்கார்ந்தது. ஹெரால்டின் பின் ஆக்ஸில் நடுவிலிருந்து இறக்கை மாதிரி ஆடும் வகை. மழையில் வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் இதே மாதிரி எழும்பி வண்டி சறுக்கும் என்றும் எச்சரித்தார். இங்கே வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்காமல், ஹெரால்டுக்குப் பிறகு 1972இல் வந்த கெஸல் என்ற மாடலில் ஒரே தண்டாக உள்ள ஆக்ஸிலாக மாற்றிவிட்டார்கள்.

சரி, கசப்பான பகுதிக்கு வருகிறேன். டிங்கரிங், அதாவது தகர வேலை.

இன்ஜின் வேலையெல்லாம் பயப்படவேண்டியதில்லை. 948 சிசி, சின்ன இன்ஜின். நானும் மகனும் சேர்ந்தே இறக்கி ஏற்றினோம், செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்து. போரிங்கும் கிராங்க் கிரைண்டிங்கும் லேத்தில் கொடுத்தோம், சொன்ன நாளில் சொன்ன காசுக்குக் கிடைத்தது. தகர வேலைதான் ஆளைக் கொல்லும். நாங்கள் கொடுத்த ஷெட்டின் பேரைச் சொல்லப் போவதில்லை. நாற்பத்தைந்து நாள் என்றார்கள். ஐந்து மாதம் ஆனது. அதுகூடப் பரவாயில்லை. பிரைமர் அடித்து, “வந்து பாருங்க மேடம்” என்று கூப்பிட்டபோது மகன் என் பையிலிருந்து காந்தத்தை எடுத்தான். பின்கதவுக்குக் கீழே வைத்தான். காந்தம் சிமென்ட் தரையில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. புதுத் தகரம் வெட்டி வெல்டு வைப்பதாகப் பேசி, காசும் வாங்கி, வலைக்கம்பி வைத்து மேலே பட்டியை மெழுகிவிட்டிருந்தார்கள். மேஸ்திரி, “யாரு மேடம் காந்தம் வெச்சிப் பாக்கப் போறாங்க?” என்றார். “என் புள்ள பார்த்துட்டானே” என்றேன். சண்டை போட்டு, எதிரிலேயே உட்கார்ந்து, பட்டியை எல்லாம் உடைக்க வைத்து, தகரம் வெட்டி வைக்கச் செய்தோம். பத்து நாள் கடையைப் பாதி நாள் மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பத்து நாளில் மகன் தகரத்தை மடித்து விளிம்பு கட்டக் கற்றுக்கொண்டான். சொல்லிக் கொடுத்தவர் அந்த ஷெட்டில் இருந்த ஒரு வயசான டிங்கர்தான். அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

இதிலிருந்து நான் சொல்வது: வண்டியை முழுசாக ஒரு ஷெட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். கதவை மட்டும் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள், வந்ததும் பானட், அப்புறம் டிக்கி. ஹெரால்டில் அது முடியும், எல்லாம் போல்ட்தானே. எங்களுக்கு இந்தப் புத்தி வந்தது காசு போன பிறகு.

கலர் எடுக்க ஒரு வழி சொல்கிறேன். டேஷ்போர்டுக்கு உள்பக்கம், வெயில் படாத இடத்தில் பழைய பெயின்ட் தெரிந்தது, மங்கலான நீலம். பெயின்ட் கடைக்காரர் கம்ப்யூட்டரில் காட்டிய எதுவும் சேரவில்லை. கடையில் இருந்த நூல்கண்டு ஷேட் கார்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு நூல் அச்சாக ஒட்டியது. அந்தக் கண்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பெயின்டர் சிரித்தார், ஆனால் கலந்து தந்த கலர் சரியாகவே வந்தது.

சாமான் விஷயம். புதுப்பேட்டைக்கு ஏழெட்டுத் தடவை போயிருப்போம். வெறுங்கையோடு போய், ஹெரால்டு சாமான் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாக் கடையிலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கழற்றிய உடைந்த சாமானைக் கையில் கொண்டுபோய் மேஜையில் வையுங்கள். அப்போதுதான் மச்சில் இருந்து ஒரு தகர டப்பா இறங்கும். அப்படி ஒரு பாய் கடையில் பின்லைட் கண்ணாடி இரண்டும், கதவுக் கைப்பிடி ஒன்றும் கிடைத்தன. “இது எங்க வாப்பா வாங்கி வெச்சது அக்கா, கேக்க ஆளே வரல” என்று சொல்லிவிட்டு ஆளே வராத சாமானுக்கு இரண்டாயிரம் கேட்டார். ஆயிரத்து இருநூறுக்கு முடித்தேன். பேரத்தில் மகனைப் பேசவிடவில்லை, அவன் கண்ணைப் பார்த்தாலே விலை ஏறிவிடும்.

பிரேக் சிலிண்டர், ட்ரன்னியன், ரப்பர் புஷ் போன்றவை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அங்கே இந்தக் காரை வைத்திருப்பவர்கள் அதிகம். வரவழைத்தோம், சுங்க வரியோடு சேர்த்து நாற்பத்தொன்றாயிரம். ஆனால் நாலு கதவு உடம்பு இந்தியாவில் மட்டும் வந்தது என்றேன் இல்லையா, அதில்தான் சிக்கல். பின்கதவு, பின்கதவுக் கண்ணாடி, அதன் ரப்பர் எதுவும் உலகத்தில் எங்கேயும் புதிதாகக் கிடைக்காது. ஆகவே வாங்கும்போது இன்ஜின் ஓடவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். பின்கதவு இரண்டும் நேராக இருக்கிறதா, கண்ணாடி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பம்பருக்குக் குரோம் பூசக் கொடுத்த இடத்தில் அடையாளப் பட்டையையும் சேர்த்து பாலிஷ் போட்டு எழுத்தையே வழித்துவிட்டார்கள். ஆகவே குரோம் வேலைக்கு எழுத்து உள்ள எதையும் கொடுக்காதீர்கள்.

சீட் நான் தைத்தது. இதில் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய உறையைத் தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் நம்பர் போட்டு, அதையே பேட்டர்னாக வைத்து ரெக்சின் வெட்டினேன். வெட்டும்போது அளவுக்கு மேல் கால் அங்குலம்கூட விடக்கூடாது. ரெக்சின் துணி மாதிரி இல்லை, ஒருதடவை ஊசி போன ஓட்டை போனதுதான், பிரித்துத் தைக்க முடியாது. சாதாரண மிஷின் கால் ரெக்சினில் ஒட்டிக்கொள்ளும், டெஃப்லான் கால் மாட்டி 18 நம்பர் ஊசி போட்டேன். பைப்பிங் உருட்டி முனை திருப்பும் இடத்தில் மட்டும் மூன்று தடவை வீணாக்கினேன், முப்பது வருட அனுபவத்தோடு. பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதாம்மா, கோடு மட்டும் நாங்க இன்னும் நெருக்கமா அடிப்போம்” என்றார். மறுபடி புது ரெக்சின் வெட்டி அடித்தேன். அந்த மனுஷர் பார்த்துவிட்டுப் போனபிறகு விட முடியவில்லை.

பழைய சீட்டுக்குள் இருந்த தேங்காய் நார் பூஞ்சை பிடித்திருந்தது, தூக்கிப் போட்டு ஃபோம் வைத்தோம். உறையைச் சும்மா இழுத்தால் சுருக்கம் விழும். மொட்டைமாடியில் உச்சிவெயிலில் அரைமணி நேரம் போட்டு, கை சுடும் பதத்தில் எடுத்து, நான் முழங்காலால் ஃபோமை அமுக்க அவன் அடியில் இழுத்து கிளிப் போட்டான். சித்திரை மாதத்தில் நாலு சீட் வேலை. அவன் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. இப்போது அந்த சீட்டில் யார் உட்கார்ந்தாலும் முதலில் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்கிறான்.

பேப்பர் வேலை இரண்டு வரி. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம் என்று 2021இல் விதி வந்தது. புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. கடைக்கு நூல்கண்டு வாங்கப் போகவும் வேண்டும் என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகாமல், வழக்கமான புதுப்பிப்பே செய்தோம். மில்காரரின் அப்பா பேரில் இருந்த ஆர்சியை மாற்ற வாரிசுச் சான்று கேட்டார்கள், அதற்கு மூன்று மாதம். ஆர்சி இல்லாத வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஓட்டுவதற்கு எப்படி? எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஷேர் ஆட்டோ இரண்டு தடவையில் திரும்பும் எங்கள் தெரு முனையில் நான் ஒரே தடவையில் திருப்பினேன். ஆட்டோக்காரர் இறங்கி வந்து பார்த்தார். கியர் தரையில், குட்டையாக, தையல் மிஷினின் பின்தையல் நெம்புகோல் மாதிரி சுத்தமாக விழுகிறது. முதல் கியரை மட்டும் வண்டி நின்றபிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கரகரவென்று திட்டும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முன்னால் போகிறவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு பஸ் இடம் விட்டே ஓட்டுகிறேன், அந்த இடத்தில் பைக் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் புகுந்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டி ரோட்டில் ஐம்பது, ஐம்பத்தைந்து வேகத்தில் சுகமாக இருக்கும். அதற்கு மேல் சத்தம். தாம்பரம் நெரிசலில் மத்தியான நேரம் சிக்கினால் சூட்டு முள் ஏறும், நாங்கள் மாலையில்தான் எடுக்கிறோம். லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுக்கிறது.

பெட்ரோல் பற்றி ஒன்று. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்கிறது. பழைய ஹோஸோடு ஓட்டிப் பார்த்த இரண்டாவது மாதமே பைப் ஊறிப்போய்க் கொழகொழவென்று ஆகிவிட்டது, இன்ஜின்மேல் சொட்டியதை மகன் வாசத்தில் கண்டுபிடித்தான். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸும் பம்புக்குப் புது டயாஃப்ரமும் மாற்றிய பிறகு தொல்லை இல்லை. இதைச் செய்யாமல் பழைய வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

செலவு: வண்டி 1,35,000. ரெக்கவரி வேன் 6,500. இன்ஜின் 58,000. டிங்கரிங், பெயின்ட் 1,45,000. குரோம் 18,000. வெளிநாட்டுச் சாமான் 41,000. உள்ளூர் ரப்பரும் வயரிங்கும் புதுப்பேட்டையும் சேர்ந்து 27,000. டயர் 19,000. சீட்டுக்கு ரெக்சின், ஃபோம் 11,400. தையல் கூலி என் கணக்கில். மொத்தம் 4,60,900. என் வீட்டுக்காரர் இந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, ஏசி வைத்த ஆல்டோ ஒன்று வாங்கியிருக்கலாமே என்றார். வாங்கியிருக்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், முன் டயர்மேல் உட்கார இடம் கேட்டு வருவதும் அவர்தான்.

அவசரக்காரர்கள் இதை வாங்க வேண்டாம். ஆறு மாதத்தில் ஓட்ட வேண்டும் என்றால் அம்பாசடர் எடுங்கள். தகரம் பார்க்கத் தெரிந்த ஒருவர் துணைக்கு இல்லாதவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். பிள்ளைக்குக் கையில் வேலை இருக்க வேண்டும், உங்களுக்கும் அவன் பக்கத்தில் உட்கார ஒரு சாக்கு வேண்டும் என்றால், நாலு கதவும் நேராக உள்ள ஹெரால்டு கிடைத்தால் விடாதீர்கள்.

அவனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதுவரை ஓட்டுவது நான், சோக்கை இழுத்து வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றித் தருவது அவன். பின்கண்ணாடி ரப்பர் இன்னும் சரியாக உட்காரவில்லை. ஐப்பசி மழைக்கு இடது மூலையில் சொட்டு விழுந்து, நான் தைத்த சீட்டில் நனைகிறது. கடையில் மிஞ்சும் கட்பீஸ் துணியை மடித்து அந்த மூலையில் செருகி வைத்திருக்கிறோம், நிறம் மட்டும் பார்த்துச் செருகச் சொல்லியிருக்கிறேன்.